டேமை நானா கெட்டுனேன்?

போடிநாயக்கனூரில் ஒரு பெண் 'மலைக்குப் போறேன்' என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். விடியும் முன்பே ஜீப் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே மாநிலம் மாறுகிறது, பலகைகளில் எழுத்து மாறுகிறது. ஆனால் பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. பகலெல்லாம் செடித் தூரில் குனிந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும்போது வீடு திரும்பி உலை வைப்பாள். அதை வெளியூர் வேலை என்றுகூட யாரும் சொல்வதில்லை.

2011 டிசம்பரில் அது வெளிநாடு ஆனது.

காரணம் முல்லைப் பெரியாறு. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் அரசோடு போட்ட 999 வருட ஒப்பந்தம். பென்னிகுக் கட்டி 1895இல் முடித்த அணை. மேற்கே ஓடவேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 2011இல் இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தபோது, அணை உடையும் என்று அங்கே பயம். தண்ணீர் போய்விடும் என்று இங்கே பயம். இரண்டு பயமும் பொய்யில்லை. ஆனால் பயம் கோபமாக மாறியதும் எல்லைச் சாலைகள் அடைபட்டன. அந்தப் பக்கம் தமிழ்க் கூலிகள் மிரட்டப்பட்டார்கள், அடிபட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டு வழியில் இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைந்தன.

அப்படி இறங்கி வந்தவர்களில் என் சித்தியும் ஒருத்தி. நான் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்ட செய்தியை ஹாஸ்டல் டிவியில் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

லீவில் ஊருக்குப் போனபோது வீராவேசமாக ஏதோ பேசினேன். சித்தி முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் கேட்டாள்: "டேமை நானா கெட்டுனேன்?"

இவ்வளவு வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு அரசு எடுக்கும் முடிவுக்கு, அந்த அரசின் எல்லையைத் தாண்டிப் பிழைக்கப் போனவர் எந்த வகையில் பொறுப்பு? முடிவெடுத்தவர் பொறுப்பு என்றால், சித்தியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பலன் அடைந்தவர் பொறுப்பு என்றால், அவளுக்கு அந்தத் தண்ணீர் பாயும் ஒரு குழி நிலம்கூட இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், அதைக் கோர்ட்டில் வாதாடலாம்; தோட்டத்து லயத்தில் போய் அடிக்கக் கூடாது. ஆக, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள் என்பது மட்டுமே அவள் குற்றம்.

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையில்லை. 1990இல் குவைத் விவகாரத்தில் ஏமன் அரசு எடுத்த நிலைப்பாட்டுக்காக, சவூதியில் வேலை செய்த லட்சக்கணக்கான ஏமன்காரர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அரசு பேசியது, கூலி நின்றது தொழிலாளிக்கு.

மேலே விளையும் ஏலக்காயை இடுக்கியின் புற்றடியிலும் ஏலம் விடுகிறார்கள், போடியிலும் விடுகிறார்கள். காயை யாரும் நீ எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. பறித்த கையைத்தான் கேட்கிறார்கள்.

இதுவரை சொன்னதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம். ஏனென்றால் அடிபட்டது என் சித்தி. கஷ்டமானது அடுத்த படி. எங்கள் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த மலையாளியும் டேம் விஷயத்தில் எந்த முடிவும் எடுத்தவரில்லை. சித்திக்கு நான் தரும் நியாயத்தை அவருக்குத் தராவிட்டால், அது நியாயமே இல்லை, வெறும் பாசம். இதை எனக்கு முன்பே சித்தி கண்டுகொண்டிருந்தாள். "அங்க எங்கள வெரட்டுனாய்ங்கன்னு இங்க அவரு கடைய ஒடைச்சா, எனக்கு மூணு வாரக் கூலி வந்துருமா?"

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது. வழக்கில் இரண்டு மாநிலங்களுக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். போன கூலியைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

சித்தி தைப்பொங்கல் கழித்து மறுபடி ஜீப் ஏறினாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. காய் எடுப்பு முடியவில்லை, வீட்டில் கடன் இருந்தது, போனாள். மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் ஹாஸ்டலில் கைதட்டிக்கொண்டிருந்தோம்.