குருதி எட்டாத இடம்

மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் எனப்படும் சுருள் மடிப்புகள் இருக்கின்றன. ரத்தம் செழிப்பாக ஓடும் இடம் அது. காடோலினியம் மருந்தை ரத்த நாளத்தில் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால், அந்த மடிப்புகள் படத்தில் வெண்மையாகப் பளிச்சிடும். மருந்து ரத்தத்தோடு போகிறது; ரத்தம் சென்ற இடமெல்லாம் ஒளிர்கிறது. கருப்புப் பூஞ்சை என்று நாம் அறிந்த ம்யூகோர்மைகோசிஸ் கண்டவர்களின் படத்திலோ, அம்மடிப்புகளில் ஒன்று ஒளி ஏறாமல் கருத்துக் கிடப்பதுண்டு. கதிரியல் மருத்துவரின் கண் அங்கேதான் நிற்கும்.

அந்தக் கருமை பூஞ்சையின் உருவம் என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அது பூஞ்சை செய்துவிட்டுப் போன காரியம். ரைசோபஸ் போன்ற பூஞ்சைகள் ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உட்புகுந்து, ஓடும் ரத்தத்தை உறைய வைக்கின்றன. குழாய் அடைபட்டதும், அதை நம்பியிருந்த சதை பட்டினியில் மடிகிறது. படம் நமக்குக் காட்டுவது அந்தப் பட்டினியை.

2021-இல் கோவிட் இரண்டாம் அலையோடு இந்த நோய் வந்தபோது, ஜூன் இறுதிக்குள்ளாகவே இந்தியாவில் 40,000-க்கும் அதிகமானோரை அது பற்றியிருந்தது. ஏதோ புதிய எதிரி வந்துவிட்டதாக அஞ்சினோம். ஆனால் அதன் வித்துகள் மண்ணிலும் அழுகிய பழத்திலும் பழைய ரொட்டியிலும் என்றும் இருந்தவை. நாள்தோறும் நாம் சுவாசித்தவை. கட்டுக்கடங்காத சர்க்கரையும், உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டும் உடலின் காவலைத் தளர்த்தின. சர்க்கரை முற்றி ரத்தத்தில் அமிலம் கூடும்போது, புரதத்தின் பிடியில் இருந்த இரும்பும் விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது.

நோயைத் தேடும் கண்ணுக்கு இங்கே பல சோதனைகள் காத்திருக்கின்றன. சி.டி. ஸ்கேன் எலும்பைத் துல்லியமாகக் காட்டும். எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் எவரும் திடுக்கிடுவார்கள். ஆனால் தொடக்கத்தில் எலும்பு முழுதாகவே நிற்க, குழாய்களும் நரம்புகளும் செல்லும் நுண்துளைகளின் வழியே பூஞ்சை கண்குழிக்குப் போய்விட்டிருக்கும். கன்ன சைனஸுக்குப் பின்னால் உள்ள கொழுப்பு சற்றே கலங்கித் தெரிவது மட்டுமே அப்போது கிடைக்கும் சாட்சியாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ.யிலும் ஒரு மயக்கம் உண்டு. பூஞ்சை அடைத்த சைனஸ், அதிலுள்ள இரும்பும் மாங்கனீசும் காரணமாக, டி2 வகைப் படத்தில் காற்றைப் போலவே கருப்பாகத் தெரிந்துவிடும். நிறைந்திருப்பது காலியாகத் தோன்றும். இன்னொரு கொடுமை, சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் காடோலினியம் ஏற்றவே யோசிக்க வேண்டியிருப்பது. யாருக்கு அந்த ஒளி மிகவும் தேவையோ, அவருக்கே அது எளிதாகக் கிடைப்பதில்லை. எல்லாப் படங்களுக்கும் பிறகு, ஒரு துளிச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைக் கண்டால்தான் நோய் உறுதியாகிறது. ஆனாலும் எங்கே வெட்டி எடுப்பது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

பார்வை இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு கண்ணை அகற்றத்தான் வேண்டுமா என்று ஒரு குடும்பம் கேட்கும்போது, அந்தப் படத்தின் மேல் விழும் சுமையை நினைத்தால் மனம் கனக்கிறது. கண்குழியின் முனைவரை நோய் போயிருப்பதைப் படம் காட்டும். அதற்கப்பால் மூளையின் அடியில் உள்ள சிரைக்குகையும் கழுத்திலிருந்து ஏறும் பெரிய தமனியும் இருப்பதை மருத்துவர் அறிவார். ஆயினும் 'எடு' என்றோ 'விடு' என்றோ எந்தப் படமும் சொல்லாது. அறிவு முடிகிற அந்த இடத்தில் பொறுப்பு தொடங்குகிறது. அதை ஒரு மனிதர்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

ஒளிராத அந்த இடத்துக்கு மருந்தும் போகாது என்பதே இந்த நோயின் மையமான உண்மை. ஆம்போடெரிசின் பி எவ்வளவு வலிய மருந்தானாலும், ரத்தம் ஓடாத சதைக்குள் நுழைய அதற்கு வழியில்லை. ஆகவேதான் அறுவை மருத்துவர் மடிந்ததை அகற்றிக்கொண்டே போய், ரத்தம் கசிகிற விளிம்பு வந்ததும் நிற்கிறார். வேறெங்கும் நாம் அஞ்சும் ரத்தக் கசிவு, அங்கே உயிர் இருப்பதற்கான அடையாளமாகிறது. உயிர் என்பது ஒவ்வொரு உறுப்பும் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் உடைமை என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் அது கணந்தோறும் வெளியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருக்கிற ஒன்று என்பதையும், வருவது நின்றுவிட்டால் உருவமும் இடமும் மாறாமலே ஒரு பகுதி உடலை விட்டு நீங்கிவிடுகிறது என்பதையும், அப்படி நீங்கிய பிறகு எந்த அன்பும் எந்த மருந்தும் அதைப் போய்த் தொட முடிவதில்லை என்பதையும் இந்தப் படங்கள் காட்டுகின்றன.

உடலுக்கு உண்மையான இது, ஊருக்கும் உண்மைதான். 2021-இல் ஆம்போடெரிசின் தட்டுப்பாட்டால் மருந்துச் சீட்டோடு அலைந்தவர்களை நாம் கண்டோம். எம்.ஆர்.ஐ. வசதி தொலைவில் இருப்பவருக்கு ஒரு நாள் தாமதம் ஒரு கண்ணாகவோ ஓர் உயிராகவோ ஆகிவிடுகிறது. கன்னம் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லும் சர்க்கரை நோயாளியை, பல்வலி என்றோ சளி என்றோ எண்ணி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் அன்றைக்கே படம் எடுக்கச் சொல்லும் ஒருவர், அந்த நோயாளி வாழும் ஊரிலேயே இருக்க வேண்டும்.