நிலா என்று ஒரு பெயர்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பது ஒரு சில்லறை வேலை. முதல் அத்தியாயத்தில் கமலாவாக இருந்தவள் கதையின் போக்குக்குப் பொருந்தவில்லை என்றால், அச்சுக்குப் போகுமுன் அவளை விசாலாட்சி ஆக்கிவிடலாம். அவள் வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பெற்றவர்களுக்கு இந்த வசதி இல்லை. தொட்டிலில் கிடக்கும் ஓர் உயிரின் சம்மதத்தைக் கேளாமலே, வாழ்நாள் முழுவதும் அது சுமக்க வேண்டிய ஒன்றை அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆகவே பெயர் சூட்டுவதை வெறும் ரசனை சம்பந்தமான காரியமாக என்னால் நினைக்க முடிவதில்லை. அதில் ஓர் அறக்கேள்வியும் அடங்கியிருக்கிறது.

அண்மையில் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். 'நிலா' என்று பெயரிட அவருக்கும் கணவருக்கும் ஆசை. மாமியார் சம்மதிக்கவில்லை. "தேய்ந்து போகிற பொருள், முகத்தில் மறு உள்ள பொருள். அதன் பெயரையா குழந்தைக்கு வைப்பது?" என்பது அந்த அம்மாளின் வாதம். என் அபிப்பிராயம் என்ன என்று வாசகி கேட்டிருந்தார்.

சொல் மிகப் பழையது; பெயர்தான் புதியது. நம் பாட்டிமார் காலத்திலும் பெண்களுக்குச் சந்திரனின் பெயர் உண்டு. சந்திரா, இந்துமதி, சசிகலா, பூர்ணிமா எல்லாம் அந்த வகைதான். ஆனால் அவை வடமொழி வழியாக வந்தவை. அந்த மரபில் சந்திரன் ஓர் ஆண். 27 நட்சத்திர மங்கையரை மணந்தவன். 1916-ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, தமிழ்ச் சொல்லாலேயே குழந்தையை அழைக்க வேண்டும் என்ற வேட்கை மெல்ல மெல்லப் பரவியது. தேன்மொழியும் மலர்விழியும் பூங்கொடியும் வெண்ணிலாவும் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். அந்த வரிசையில் கடைக்குட்டித் தங்கையாக வந்தவள் நிலா. அடைமொழியையும் உதறிவிட்டு இரண்டே எழுத்தில் வந்து நின்றாள். சுஜாதா 1980-களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வின் நாயகி பெயர் நிலா. 2011-ல் வெளிவந்த 'தெய்வத்திருமகள்' படத்தில் வரும் சிறுமியும் நிலாதான்.

இந்தப் பெயரில் அப்படி என்ன கவர்ச்சி? சுருக்கமானது, இனிமையானது, வேற்று மொழிக்காரர் வாயிலும் சிதையாதது என்பார்கள். வாஸ்தவந்தான். எந்த மதத்தார் வீட்டிலும் இது பொருந்தும். பெயரைக் கேட்டவுடன் சாதியை மோப்பம் பிடிக்கிறவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பெயர் அந்தக் குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை.

சாவித்திரி என்று பெயரிட்டால், கணவனுக்காக எமனோடு வாதாடிய ஒருத்தியை முன்மாதிரியாக நிறுத்திவிடுகிறோம். சாந்தி என்று பெயர் வைத்துவிட்டு, அவள் ஒருநாள் குரலை உயர்த்தினால், "பெயரைப் பார், குணத்தைப் பார்!" என்கிறோம். பாட்டியின் பெயரை வைத்தாலோ, பாட்டியின் பொறுமையையும் சேர்த்துத் தேடுகிறோம். நிலாவுக்கு அந்தக் கடன் இல்லை. அவள் சாதுவாகவும் இருக்கலாம், சண்டைக்காரியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இன்னொரு வகைப் பெயர்களும் இந்த நாட்டில் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீடுகளில், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று ஒரு பெண்ணுக்கு 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போதெல்லாம், தன்னை யாரும் விரும்பவில்லை என்ற செய்திக்கு அந்தச் சிறுமி எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அதை நினைத்துப் பார்த்த பிறகு, ஒரு பெண் குழந்தையை நிலா என்று அழைக்க விரும்பும் தாய் தகப்பனை எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மாமியார் சொன்ன மறுவைப் பற்றி யோசித்தேன். நிலவுக்கு மறு உண்டு, என் காதலியின் முகத்துக்கு இல்லை என்று பேசும் காதலனை வள்ளுவர் படைத்திருக்கிறார். மறுவற்ற முகம் காதலனுக்குத்தான் தேவை. சோற்றுக் கிண்ணத்தோடு முற்றத்தில் நின்று நிலவைக் காட்டும் தாய் அதன் மறுவையா எண்ணிக்கொண்டிருக்கிறாள்? தேய்வதும் ஒரு குறையல்ல. தேய்ந்தது மறுபடி வளர்கிறது என்பதை மாதந்தோறும் கண்ணால் காண்கிறோம். தாராளமாக அந்தப் பெயரையே வையுங்கள் என்று வாசகிக்கு எழுதினேன். குழந்தைக்கு நல்லது நேர வேண்டும் என்றுதான் உங்கள் மாமியாரும் மறுக்கிறார். அந்தக் கவலையை மதியுங்கள் என்றும் எழுதினேன்.

ஆனால் அவருக்கு எழுதாத ஒன்று மனத்தில் நிற்கிறது. புறநானூற்றில் பாரியின் பெண்மக்கள் நிலவைப் பார்த்துப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. போன மாதம் இதே நிலவொளியில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இரண்டும் இல்லை என்கிறார்கள். நாட்டை இழந்த அந்தப் பெண்களுக்குக்கூட வெளியே நின்று பார்க்க ஒரு நிலவு இருந்தது.

நம் வீட்டு நிலாக்களுக்கு அது இருக்கிறதா? பொழுது சாய்ந்து வானத்து நிலா வெளியே வருகிற நேரத்தில், வீட்டு நிலாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவளுடைய அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தால் "சாப்பிட்டாயா?" என்கிறோம். அவள் ஏழு மணிக்கு வந்தால் "எங்கே போயிருந்தாய்?" என்கிறோம். பெற்றவர்களின் பயம் பொய்யல்ல; நம் தெருக்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் தெரு கெட்டதற்கு அவளைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

2019-ல் நிலவை நோக்கிப் புறப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் வனிதா என்ற பெண்மணி. இரவும் பகலும் பாராமல் செய்ய வேண்டிய உத்தியோகம் அது. அவர் பெயரின் பொருள் 'பெண்' என்பதுதான். அதற்குமேல் அந்தப் பெயரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

குழந்தையிடம் எதையும் கேட்காத பெயர், வைத்தவர்களிடம் கேட்கிறது. மகளை நிலா என்று கூப்பிட்ட தகப்பன், தன் மகன் தெருவில் எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவன். அவள் மாடியில் தனியாக நின்று வானத்தைப் பார்க்கிற அரை மணி நேரத்துக்குக் காரணம் கேட்காமல் இருக்கவும் கடமைப்பட்டவன். அந்த அளவாவது செய்துவிட்டு, பிறகு அவளை அந்தப் பெயரால் வாய் நிறையக் கூப்பிடலாம்.