முயலின் மரணமும் நம் கடனும்

மலேசியாவின் மெர்லிமாவ் தோட்டத்துச் செம்பனை ஓரத்தில், குட்டியை மார்போடு அணைத்தபடி நம்மை இமையாது நோக்கும் தாய்க்குரங்கைக் கண்டு பழகிய எனக்கு, ஜீவகாருண்யம் என்பது பிரசங்க மேடையில் மட்டும் கேட்ட சொல்லன்று.

மருத்துவத்தின் தேவையையும் நான் அறிவேன். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர்; இருபதாண்டு கழித்து, 2006-இல், அந்நகரத்தின் காசநோய் ஆராய்ச்சி மையத்திலேயே அத்தொற்றுக்கெதிரான பரீட்சார்த்தத் தடுப்பூசி ஒன்றை ஏற்கத் தன்னார்வலர் முன்வந்தனர். இத்தகைய தடுப்பூசி மனித உடலைத் தீண்டுமுன், மனிதருக்கு உத்தேசித்த தவணைகளைவிட ஒன்று கூடுதலாக முயல் போன்ற பிராணிகளுக்குச் செலுத்தி, எடையும் உஷ்ணமும் இரத்தமும் பார்த்து, இறுதியில் உயிர்நீக்கி, ஈரலையும் நிணநீர்ச் சுரப்பிகளையும் கூறிட்டு ஆராய்வது வழக்கம். பிராணிச் சோதனையின் அடிப்படையிலேயே மனிதப் பரீட்சை அமையவேண்டுமென்று 1947-இன் நியூரம்பெர்க் நெறி விதித்ததன் பின்னே, நாஜி முகாம்களின் மருத்துவச் சோதனைகளில் வதையுண்ட மனிதரின் ஓலம் இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை.

ஆயினும், தன்னார்வலர் சம்மதித்துக் கையொப்பமிட்டார். முயலுக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் மரணத்தை அவசியம் என்று ஏற்கிறேன். தியாகம் என்று அழைக்க என் மனச்சாட்சி இடந்தராது, ஏனெனில் அது கொடுத்ததன்று, நாம் எடுத்துக்கொண்டது.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே, ஆய்வகச் செல் வளர்ப்பிலேயே விடை கிடைக்கும் வினாவுக்காக ஓர் உயிரையும் கூண்டிலடைக்காதீர்கள்.