தேடிச் செல்லும் அன்பு

ஒருவரைப் பற்றி நிறைய அறிந்திருக்கிறோம் என்பதாலேயே அவரோடு நமக்கு உறவு இருக்கிறது என்று கூற இயலுமா? சமூக வலைத்தளங்களில் பழகும் நாம் அனைவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. விடை காண, இவை தோன்றுவதற்கு முன்பே கணிப்பொறியின் வழியாகக் கூடிப் பேசியவர்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியண்ட் ஆகிய இருவரும் 'தி வெல்' என்னும் உரையாடல் மன்றத்தைத் தொடங்கினர். தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தாலேயே பேசிக்கொண்ட மன்றம் அது. நுழையக் கட்டணம் உண்டு. எழுதிய சொல்லுக்கு எழுதியவரே பொறுப்பு. அதன் பெற்றோர் அரங்கில், தம் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று ஒரு தந்தை எழுதியபோது மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆறுதல் கூறியதை, ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993-இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

அதைப் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. அங்கும் வீண் சண்டைகள் இருந்தன. வசதி படைத்த சிலருக்கே அதன் கதவு திறந்தது. பிரிந்துபோன உறவினரையும் பள்ளித் தோழரையும் எளியோருக்கும் மீட்டுத் தந்தவை பின்வந்த சமூக வலைத்தளங்களே.

2004-இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் தோன்றின. ஒத்த ஆர்வமுடையோர் குழுவாகக் கூடிய ஆர்குட்டில் பழைய மன்றங்களின் சாயல் இருந்தது. 2014-இல் அது மூடப்பட்டது. பேஸ்புக்கிலோ தொடக்கத்தில் நண்பரின் நலம் அறிய அவருடைய பக்கத்துக்குச் சென்று பார்க்க வேண்டியிருந்தது. 2006-இல் 'நியூஸ் ஃபீட்' வந்தபின் அச்செலவும் தேவையற்றதாயிற்று. எல்லாருடைய செய்திகளும் தாமாகவே நம்முன் வந்து குவிந்தன. எது முந்தி வர வேண்டும் என்பதை இயந்திரத்தின் கணக்கு தீர்மானித்தது. 2009-இல் வந்த 'லைக்' பொத்தான், மறுமொழிக்கு ஒரு சொல்லும் வேண்டாம், விரலசைவே போதும் என்றாக்கியது. மன்றத்தில் அனைவரும் ஒரே உரையாடலைக் கேட்டனர்; இங்கோ ஒவ்வொருவரும் தத்தம் வட்டத்தின் நடுவே தனித்து அமர்ந்திருக்கிறோம்.

சேர்ந்து உப்பு உண்ணாமல் ஒருவரையொருவர் அறிய இயலாது என்னும் பழமொழியை எடுத்துக்காட்டும் அரிஸ்டாட்டில், நிறைவான நட்பைப் பலரோடு கொள்ள இயலாது என்கிறார். பேஸ்புக்கோ ஒருவருக்கு 5,000 நண்பர்கள் வரை இடமளிக்கிறது.

தேடிச் செல்லும் உழைப்பை இயந்திரம் குறைத்தது நன்மைதானே என்று சிலர் கேட்கலாம். நீர் இறைக்கும் உழைப்பைக் குறைப்பது நன்மையே. ஆனால், தேடிச் செல்லுதல் அன்புக்கு நாம் கொடுக்கும் விலை மட்டுமன்று. அதுவே அன்பின் செயல். நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும்கூட அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டார்கள். சமாரியன் ஒருவனே அருகில் சென்றான். காண்பதற்கும் அயலானாவதற்கும் இடையே இருந்தவை அந்தச் சில அடிகளே.

2012-இல் 'தி வெல்' விற்பனைக்கு வந்தபோது அதன் உறுப்பினர்களே பணம் திரட்டி அதை வாங்கினர். உறவு தழைத்த இடத்தைக் காக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர். அத்தகைய பொறுப்பை ஏற்க நாம் ஆயத்தமா? திரையில் ஒருவரின் துயரம் தோன்றும்போது விரலை அசைத்துவிட்டு அடுத்த செய்திக்குக் கடந்து செல்கிறோமா, அல்லது அவர் வீட்டு வாசலுக்குச் செல்கிறோமா? நம் உறவின் உண்மையை அதுவே நமக்குக் காட்டும்.