ஒளியின் சாட்சியும் நினைவின் சாட்சியும்

1987ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், பெரிய மெகல்லன் முகில் என்னும் விண்மீன் திரளில் ஒரு விண்மீன் வெடித்த செய்தி உலகை வந்தடைந்தது. அது வெடித்ததோ 1,60,000 ஆண்டுகளுக்கும் முன்பு! முதலில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஜப்பானிய ஆய்வுக் கருவியில் பதிந்தன. சில மணி நேரத்திற்குப் பின்னரே ஒளி வந்தது. புறப்பட்ட வரிசை வழியில் மாறவேயில்லை.

முப்பது ஆண்டுகள்கூடத் தாங்காத சாட்சி ஒன்று என்னிடம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பறைச் சன்னலைக் கல்லெறிந்து உடைத்தான் என்று ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்தேன். அண்மையில் முன்னாள் மாணவர் சந்திப்பில் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, அன்று நான் திடலிலேயே இல்லை, நூல்நிலையத்தில் இருந்தேன்" என்றார். குரலில் சினம் இல்லை. என் மனக்கண்ணிலோ அவர் கையில் கல் இருக்கிறது. எங்களுள் பொய்யர் யார்?

1974இல் லாஃப்டஸ், பால்மர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், கார்கள் மோதும் படமொன்றை மாணவர்களுக்குக் காட்டினர். "மோதியபோது என்ன வேகம்?" என்று 50 பேரையும், "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று வேறு 50 பேரையும் வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முன்னவருள் எழுவர் கூறினர். பின்னவருள் 16 பேர் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! அன்று நான் வகுப்பாரிடம், "அவன்தானே எறிந்தான்?" என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. யார் எறிந்தது என்று கேட்டேனில்லை.

2000ஆம் ஆண்டில் கரீம் நாதர் குழுவினர் எலிகளைக் கொண்டு மற்றொன்றைக் காட்டினர். மீட்டெடுக்கப்படும் நினைவு சிறிது நேரம் இளகி, மீண்டும் இறுகுகிறது. அவ்வேளையில் மூளையில் புரத ஆக்கத்தைத் தடுத்தால் பழைய அச்சமே மங்கிவிடுகிறது. ஆசிரியர் அறையில் அந்தச் சன்னல் கதையை நான் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் அந்தக் கல் இன்னும் சற்று இறுகியிருக்கலாம்.

பொய்யன் உண்மையை அறிந்து மறைப்பவன்; நான் அவ்வாறு மறைக்கவில்லை. ஆயினும் குற்றமற்றவனும் அல்லேன். நினைவு பிறழ்வது மூளையின் இயல்பு. விசாரியாமல் பிரம்பை எடுத்தது என் செயல். 'தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழியைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவனும் நானே.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் ஐயா" என்று சிரித்தார். இதை எழுதும் இப்போதும் அவர் கையில் அந்தக் கல் தெரிகிறது.