உலைக்கு முன்னால் ஒரு பிடி

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை மாமியார் எனக்குக் காட்டிய முதல் பொருள் ஒரு மண்கலயம். அடுப்படி மூலையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. "உலையில அரிசி போடுறதுக்கு முந்தி ஒரு பிடி இதுல போட்டுரணும். ராத்திரிக்கும் சோறு பொங்குனா அதுக்கும் ஒண்ணு" என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்கள்.

நான் மதுரையில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது தேரிக்காட்டு ஓரத்தில், சி.எஸ்.ஐ. சபையார் ஊரில். மொட்டை மாடியில் ஏறினால் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் ஊசிபோலத் தெரியும். இரண்டு பேரும் வேதக்காரர்கள்தானே, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று அம்மா தைரியம் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துபோயிற்று. உட்கார்ந்ததும் என் கை தானாக நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டது; முன்னால் இருந்த சிறுமி திரும்பி வேடிக்கை பார்த்தாள். மற்றவர்கள் பாமாலைப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணங்களையும் பாடினார்கள். நான் எண்ணைத் தேடிப் பக்கத்தைப் பிடிப்பதற்குள் ஆமென் வந்துவிட்டது.

சபை ரிஜிஸ்தரில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். மாதச் சந்தாவைச் சங்கம் என்பார்கள், அதையும் கட்டினோம். கிறிஸ்துமஸ் பஜனை எங்கள் வாசலிலும் நின்று பாடிவிட்டுப் போனது. மூன்று வருஷம் கழித்தும் நான் "ஆர்.சி. பொண்ணு"தான். புளியமரத்து வீடு, கிணத்தடி வீடு என்பதுபோல அதுவும் ஓர் அடையாளம். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஒதுக்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லாரும் சிரித்தார்கள், தோத்திரம் சொன்னார்கள், முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினார்கள். உள்ளே இருந்தேன், உள்ளவளாக இல்லை.

இந்தப் பக்கத்துச் சபைகள் உண்டான கதையைப் பிறகுதான் படித்தேன். 18ஆம் நூற்றாண்டு முடியும்போது இங்கே கிறிஸ்தவர்களானவர்கள் சொந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அவர்களுக்காக நிலம் வாங்கி 1799இல் ஓர் ஊரை உண்டாக்கினார்கள். முன்னின்றவர் சுந்தரானந்தம் தாவீது. அதுதான் முதலூர். (இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வருகிறது, பயந்து ஓடிவந்தவர்கள் கட்டிய ஊருக்கு இப்படி ஒரு தித்திப்பான முடிவு.) அதற்கப்புறம் மிஷனெரி ரேனியஸ் ஐயர் (இங்கே போதகரை ஐயர் என்போம்) காலத்தில், 1830இல், இப்படிப்பட்ட ஊர்களுக்கு நிலம் வாங்குவதற்கென்றே தர்ம சங்கம் தொடங்கியது. நாங்கள் மாதாமாதம் "சங்கம் கட்டுகிறோம்" என்பதில் அந்தப் பெயரின் வாடை இருக்கிறது என்பது என் ஊகம். ஆனந்தபுரம், சமாதானபுரம், கடாட்சபுரம், பிரகாசபுரம், சுவிசேஷபுரம், நாசரேத் என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு ஜெபத்தைச் சொல்வது போலவே இருக்கும்.

ஊரை இழந்தவர்களுக்குச் சபையே ஊரானது. அதனால்தான் இங்கே ஒருவரை "எந்தக் கோயில்?" என்று கேட்டால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தாத்தாவின் பேரன் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலிலேயே வந்துவிடும். எனக்கு இடித்தது வேதசாஸ்திர வித்தியாசம் இல்லை. எனக்கு இங்கே தாத்தா இல்லை, அவ்வளவுதான்.

ஊர் என்றால் எல்லையும் சேர்ந்தே வரும். அடைக்கலமாகக் கட்டிய இந்த ஊர்கள் பலவற்றில் பெரும்பாலும் ஒரே சாதியார்தான் குடியிருந்தார்கள். அதை மறைத்துவிட்டு ஐக்கியத்தைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் பிறந்த சபைக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைக் கால்சட்டையின் இரண்டு கால்கள்போலக் கட்டினார்கள். இரண்டு கூடமும் ஒரே பீடத்தில் வந்து சேரும், நடுவில் சுவர். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். சுவர் திரும்ப வேண்டும் என்று தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கடவுள் முன்னால் அடுத்தவரைப் பார்க்காமல் இருப்பதற்காக ஒரு வழக்கு! சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் சுவர் இல்லாத கோயிலில் மூன்று வருஷம் உட்கார்ந்தும் நான் யாரையும் பார்த்ததில்லை என்பது அரிசி பிரிக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சாக்கோடு வீடு வீடாக வருவார்கள். கலயத்தில் சேர்ந்ததைச் சாக்கில் தட்டிவிட வேண்டும். மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஏலம். பிடி அரிசி எங்களுக்கு மட்டும் உரியது இல்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னார், மிசோரம் சபைகள் பூஃபாய் தாம் என்ற பெயரில் இதே பழக்கத்தைக் கொண்டும் ஊழியங்களைத் தாங்குகின்றன. அரிசி பொங்குகிற இடத்தில் எல்லாம் யாருக்காவது இந்த யோசனை வந்துவிடும் போலிருக்கிறது.

சாக்குக்குத் தலைவி டீச்சர் பாட்டி. ஊரில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். அந்த மாதம் என் குழந்தைக்குக் காய்ச்சல், பாதி நாள் கலயத்தை மறந்துவிட்டேன். சனிக்கிழமை காலையில்தான் ஞாபகம் வந்தது. கோழிக்குப் போட வைத்திருந்த ரேஷன் அரிசியில் ஒரு படி அள்ளிக் கொட்டிக் கலயத்தை நிரப்பினேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு திருப்திகூட.

டீச்சர் பாட்டி கலயத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"இது ரேஷன்லா?"

"ஆமா பாட்டி. கொஞ்சம் கூடுதலாவே போட்டிருக்கேன்."

"கூடுதல் கெடக்கட்டும். நீங்க இதையா பொங்குதிய?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாட்டி வேறொன்றும் சொல்லவில்லை. அரிசியைச் சாக்கில் தட்டினார். பிறகு, "கூட வர்றவளுக்கு இடுப்பு வலியாம். நீ வந்து சாக்கைப் பிடி" என்றார். குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

நாலாவது வீடு ஓலைப்பெட்டி முடைகிற ஓர் அக்காவுடையது. புருஷன் இல்லை. அவள் கொண்டுவந்த டப்பாவில் இருந்ததும் ரேஷன் அரிசிதான். என்னுடையதில் கால்வாசி இருக்காது. பாட்டி அதை இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணை மூடி அந்த வீட்டுக்காக ஜெபம் பண்ணினார், அதற்கப்புறம்தான் சாக்கில் போட்டார். தெருமுனை திரும்பியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ரெண்டும் ஒரே அரிசிதானே பாட்டி?"

"அவ பொங்குறதுல இருந்து எடுத்தா. நீ கோழிக்குள்ளதுல இருந்து எடுத்த" என்றார் பாட்டி. கோபமே இல்லை. பிழை திருத்திய நோட்டைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார்.

ஏழை விதவையின் இரண்டு காசுக் கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பூசையில் கேட்டிருக்கிறேன். அது பணத்தைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன்.

டீச்சர் பாட்டி சொன்னதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அசரியா நினைவுக்கு வருவார். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில் 1874இல் ஓர் ஐயருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1912இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், வடக்கன்குளத்துச் சுவர் விழுந்த அதே 1910இல், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள். வீட்டையும் நாட்டையும் விட்டு வந்தவர்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியவர்கள், சொந்தப் பிள்ளைகளை இந்த மண்ணில் புதைத்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. அவர்கள் முன்னால் எழுந்து அசரியா அந்தத் தியாகத்தை எல்லாம் ஒப்புக்கொண்டார். அப்புறம் எங்களுக்கு இன்னும் வேண்டியது ஒன்று இருக்கிறது, நண்பர்களாக இருங்கள் என்று கேட்டார். மண்டபத்தில் பலருக்கு அது சுருக்கென்றது.

ஏன் சுருக்கென்றது? அவர்கள் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் ஒரு படி அரிசியைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் தாங்கள் உண்ணுகிற சட்டியில் இன்னொருவர் கைவைக்க விடுவது வேறு. நேரம் மிஞ்சினால் உதவுவேன், பணம் மிஞ்சினால் கொடுப்பேன், என் வீட்டு உலை மட்டும் என்னுடையது என்று இருக்கிறவரை யாரும் யாருக்கும் சொந்தமாவதில்லை. சபை என்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று மூன்று வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் இன்னும் ஒரு பிடிகூட என் சோற்றிலிருந்து குறைக்கவில்லை. குறைகிற அந்த ஒரு பிடியளவு இடத்தில்தான் மற்றவர்கள் வந்து உட்கார முடியும். எனக்கும் அவர்கள் வீட்டில் அந்த அளவு இடம்தான் கிடைக்கும்.

அன்றிலிருந்து சாக்கு என் கையில் தங்கிவிட்டது. மாதாமாதம் பாட்டியோடு போனேன். சாக்கு தூக்கினால் ஊரே புத்தகமாகிவிடுகிறது. கலயம் குறைந்திருந்தால் அந்த வீட்டில் சில நாள் உலை ஏறவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியா, அவன் குடித்துவிட்டு வந்தானா, மாமியார் மருமகள் பேச்சு நின்றுவிட்டதா என்று பாட்டி யாரையும் கேட்க மாட்டார். திங்கட்கிழமை ஏதோ ஒரு சாக்கில் அந்த வாசலில் போய் நிற்பார். நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எப்போது பாமாலை மனப்பாடமானது என்று எனக்கே தெரியாது. சிலுவை போடுவதை நான் விடவும் இல்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

சபையைப் பற்றி இனிக்க இனிக்க எழுதிவிடக் கூடாது. சபைத் தேர்தல் வருஷத்தில் ஊர் இரண்டாகும். அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், கோயிலுக்குப் போகிற தெருவைக்கூட மாற்றிக்கொள்வார்கள். ஒரு முறை எங்கள் வீட்டுக்காரர் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்று ஒருத்தர் திருவிருந்துக்கு எங்கள் பக்கத்தில் முழங்கால் போடாமல் எழுந்து போனார். அந்த மாதமும் அவர் வீட்டுக் கலயத்தை அவர் மனைவி என் சாக்கில்தான் தட்டினாள். தட்டியபின் பிரிக்க முடியாது.

கலந்த அரிசியில் ஒரு சங்கடம் உண்டு. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன், பழசு, புதுசு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சோறு பொங்கினால் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று நறுக்கென்று நிற்கும். ஏலத்தில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கஞ்சிதான் வைப்பார்கள். அது தெரிந்தும் கடை விலையைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். சிலர் எடுத்த அரிசியை அங்கேயே மறு ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். டீச்சர் பாட்டி எப்போதாவது ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போய்த் தானும் கஞ்சி வைப்பார். குழைந்ததையும் குழையாததையும் சேர்த்து நிதானமாக மென்று தின்பார். அவருக்குப் பல் பாதி இல்லை.

பாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவர் அடக்க ஆராதனையில் என்னைக் குடும்பத்தாரோடு நிற்கச் சொன்னார்கள்.

என் மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் போனில், "அம்மா, பிடி அரிசிக்கு மாசம் எவ்வளவு அனுப்பணும்? ஜிபே பண்ணிடுறேன்" என்றாள். சபைக் கணக்கில் இப்போது அதற்கும் வசதி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு விலை வரவில்லை. "நீ அங்க பொங்குறியா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மட்டும். ரூம்ல நாலு பேரும் சேர்ந்து" என்றாள். "அப்போ அன்னைக்கு ஒரு பிடி எடுத்து வை."

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். முக்கால் கிலோ இருக்கும். கையை விட்டுப் பார்த்தேன். சோனா மசூரி, நடுநடுவே நீள நீளமாக வேறு மணிகள். அறைத்தோழி ஒருத்தி வடக்கத்திப் பெண்ணாம், அவள் முறை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அரிசியிலிருந்தே அவளே ஒரு பிடி எடுத்துப் போட்டிருக்கிறாள். டப்பாவைச் சாக்கில் தட்டினேன்.

மறுநாள் ஏலத்தில் அரிசியை எடுத்தவர் தேர்தலில் கோபித்துக்கொண்டு எழுந்துபோன அதே மனிதர். சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தவர், என்னைத் தேடி வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"ஏம்மா, நம்ம ஊர்ல யாரு வீட்ல பாஸ்மதி பொங்குதாவ?"