மறைந்த பெயரும் அறப் பொறுப்பும்: முகமூடி நாயகர் பற்றிய வினாவும் தோப்பும்படிக் கரையும்

முன்னுரை

ஒருவர் தம் பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு பிறரைக் காப்பதும், பகலில் எளிய மனிதராக ஊரோடு கலந்து வாழ்வதும் இருபதாம் நூற்றாண்டின் படக்கதைகள் பரப்பிய கற்பனையாகும். 1938இல் சூப்பர்மேன், 1939இல் பேட்மேன் ஆகியோர் இவ்வகையில் தோன்றினர். தமிழ் வாசகர்க்கு இம்மரபு சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியே நெருக்கமாயிற்று. 1972இல் வெளிவந்த அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். செயல் தெரிய, செய்தவன் மறைவதே முகமூடி நாயகரின் இலக்கணம் என்பதை இவ்வுருவம் தெளிவாக்குகிறது.

இந்நாயகர் ஒருநாள் மக்கள் முன் நின்று 'நானே அவன்' என்று சொல்ல வேண்டுமா? 2006இல் வெளிவந்த அமெரிக்கப் படக்கதை ஒன்றில் ஸ்பைடர்மேன் செய்தியாளர் முன் முகமூடியைக் கழற்றுகிறான். 2008இல் வந்த அயர்ன் மேன் திரைப்படத்தின் இறுதியிலும் நாயகன் தன்னை வெளிப்படுத்துகிறான். 2021இல் பேசில் ஜோசப் இயக்கத்தில் வந்த மின்னல் முரளி என்னும் மலையாளத் திரைப்படம், முகமூடிக்குள் எவரும் நுழையலாம் என்னும் சிக்கலைக் கேரளச் சிற்றூர் ஒன்றில் வைத்துக் காட்டியது. இவ்வினா பொழுதுபோக்குக் கதைக்கு மட்டும் உரியதன்று. நன்மை செய்வோர், தீமையைச் சுட்டுவோர், பிறருக்காக உயிரைப் பணயம் வைப்போர் ஆகிய அனைவர்க்கும் உரிய அறவினா இது. தமிழிலக்கியச் சான்றுகளையும், கொச்சி சார்ந்து 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளையும் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக மரபில் பெயர்

பெயரைக் கூறாமை ஓர் ஒழுங்காக அமைந்த இலக்கிய மரபு தமிழுடையது. அன்புடைய இருவரின் வாழ்வைப் பாடுமிடத்து எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் நெறி. நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயர் இல்லை. ஆயினும் அவனுக்குரிய வேம்பு பற்றிய குறிப்பு இடம்பெறுவதால் நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறத்தின்பாற் படுத்தினார். ஓர் அடையாளப் பூ பெயருக்கு நிகராகிப் பாட்டின் திணையையே மாற்றிவிடுகிறது. பெயர் வெளிப்பட்டால் பொருளின் தன்மையும் மாறும் என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது. பெயரற்ற தலைவனின் துயர் எல்லார்க்கும் பொதுவாகிறது. பெயருடைய மன்னனின் துயரோ வரலாற்றுச் செய்தியாகிறது.

புலவர் நிலையும் எண்ணத்தக்கது. குறுந்தொகையில் ஓர் அரிய உவமையைத் தந்தவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வுவமையாலேயே அவர் செம்புலப்பெயனீரார் எனப்படுகிறார். செய்த செயலே செய்தவர்க்குப் பெயராயிற்று. முகமூடி நாயகர்க்கு ஊரார் இடும் பெயர்களும் இத்தகையனவே.

ஆயினும் அகத்தில் பெயர் மறைத்தல் எவர்க்கும் தீங்கு செய்வதில்லை. மறைத்தலால் ஒருவர்க்கு இழப்பு நேரும்போதுதான் அது அறச்சிக்கலாக மாறுகிறது.

கரந்துறைதலின் விலை

அவ்விழப்பைப் பாரதத்தின் விராட பருவம் காட்டுகிறது. பாண்டவர் பதின்மூன்றாம் ஆண்டில் எவரும் அறியாதபடி மறைந்து வாழ்தல் வேண்டும். அறியப்பட்டால் மீண்டும் பன்னீராண்டு காடு புகுதல் வேண்டும். ஆதலின் அவர்கள் மறைந்திருந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் அம்மறைவின் விலையைக் கொடுத்தவள் திரௌபதி. அரசவையில் கீசகன் அவளை உதைத்தபோது கணவன்மார் அங்கிருந்தனர். சினந்தெழ முனைந்த வீமனைத் தருமன் குறிப்பால் தடுத்தான். பின்னர் இரவில் வீமன் கீசகனைக் கொன்றான். அக்கொலையைக் கந்தருவர் செய்ததாக ஊர் நம்பியது. நீதி நடந்தது, ஆயினும் அது இருளில் நடந்தது. அவையில் இழிவுபட்டவளுக்கு அவையில் விடை கிடைக்கவில்லை.

இதே பருவத்தில் அருச்சுனனின் வெளிப்பாடு வேறு வகையானது. பேடியாக வாழ்ந்த அவன், அஞ்சி நடுங்கிய உத்தரனிடம் முதலில் தன்னை அறிவிக்கிறான். வன்னி மரத்தில் மறைத்த படைக்கலங்களை எடுக்கிறான். புகழுக்காக அன்றி, தன்னை நம்பித் தேரேறிய சிறுவனுக்குத் துணிவு பிறக்கும்பொருட்டே அவன் பெயர் கூறுகிறான். எனவே மறைவு சரியா தவறா என்பதைப் பொதுப்பட முடிவுசெய்ய இயலாது. மறைவின் சுமையை யார் தாங்குகிறார் என்பதே முதலில் கேட்கத்தக்க வினாவாகிறது.

கண்ணகி கூறிய பெயர்

சிலப்பதிகாரம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. மதுரையில் கோவலன் பெயரின்றி இறந்தான். அவன் யார், எவ்வூரினன் என்று மன்னன் கேட்கவில்லை; கள்வன் என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிற்று. பின்னர் அரசவை புகுந்த கண்ணகி தன் ஊரையும், கணவனின் குலத்தையும், அவன் கொலையுண்டதையும் சொல்லித் தன் பெயரையும் சொல்கிறாள். அவள் பெயர் கூறியது புகழ் வேண்டியன்று. குற்றஞ்சாட்டும் சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது தெரிந்தால்தான் அவை அதற்கு விடை சொல்லக் கடமைப்படும். தானே மறைப்பதும் பிறரால் பெயர் மறுக்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னது விருப்பம், பின்னது கொடுமை. கோவலனுக்கு நேர்ந்தது பின்னது.

தோப்பும்படிக் கரையில்

இவ்வேறுபாட்டை அண்மைக் கால நிகழ்வுகளில் காண்பதற்குக் கொச்சியின் தோப்பும்படி தக்க இடம். மட்டாஞ்சேரியை ஒட்டிய இப்பகுதியில் அமைந்த மீன்பிடித் துறைமுகம் கேரள மீனவர்க்கு மட்டும் உரியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களைச் சேர்ந்த தமிழ் மீனவர்கள் இங்கிருந்து சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். பல நாள், சில வேளை பல வாரம் கடலிலேயே தங்குகின்றனர்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது கொச்சியிலிருந்து முன்பே புறப்பட்டிருந்த படகுகளும் அதில் அகப்பட்டன. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். கரைசேர்ந்த உடல்கள் பலவற்றை முகத்தால் அடையாளம் காண இயலவில்லை. மரபணுச் சோதனை தேவைப்பட்டது. எத்தனை பேர் கடலில் இருந்தனர் என்பதில் அரசின் கணக்கும் ஊர்ப் பங்குகள் தொகுத்த பட்டியலும் வேறுபட்டன. பங்குத்தந்தையரும் ஊராரும் ஒவ்வொரு பெயராக எழுதி வைத்த பின்னரே பல குடும்பங்களின் இழப்பு கணக்கில் ஏறியது. இங்குப் பெயர் என்பது புகழ் அன்று. ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கும், அவர் மனைவி மக்கள் உதவி பெறுதற்கும் உரிய சான்று. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் புறநானூற்றுப் புலவரைத் தமிழ் மரபு அவர் இறந்த முறையாலேயே அழைக்கிறது. ஒக்கியில் மாய்ந்தோர்க்கும் அவரவர் பெயரைத் தேடித் தருவது உயிருடன் இருப்போரின் கடன்.

அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. மீனவர்கள் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அரசின் கணக்குப்படி 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் ஏறத்தாழ 65,000 பேரை மீட்டனர். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். படகொன்றுக்கு நாள் ஒன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த மீனவர் ஒருவர், உடன்பிறந்தாரைக் காத்ததற்குப் பணம் வேண்டா என்னும் கருத்துப்படப் பேசிக் காணொளி வெளியிட்டார். அவர் முகம் காட்டியது பரிசு பெறுவதற்காக அன்று, அதை மறுப்பதற்காக.

அதே வெள்ளத்தின்போது தாத்ரா நாகர் ஹவேலியில் பணியாற்றிய ஆட்சிப்பணி அலுவலர் கண்ணன் கோபிநாதன் விடுப்பில் வந்தார். தம் ஆட்சிப்பகுதியின் சார்பில் ஒரு கோடி ரூபாய்க்கான காசோலையை முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு ஒப்படைத்த அவர், வீட்டுக்குச் செல்லாமல் செங்கன்னூருக்குச் சென்றார். பதவியைச் சொல்லாமல் பிற தொண்டரோடு நிவாரணப் பணி செய்தார்; பின்னர்க் கொச்சியின் காக்கநாட்டில் இருந்த பொருள் சேகரிப்பு மையத்தில் மூட்டை சுமந்தார். அங்கு வந்த எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அவரை இனங்கண்டதால் செய்தி வெளியாயிற்று. உடனே பலர் அவருடன் படம் எடுத்துக்கொள்ள விரும்பினர். அவரோ தம்மை நாயகராக்குவதை ஏற்கவில்லை. களத்தில் நாளும் உழைத்தவர்களே பாராட்டுக்குரியோர் என்னும் கருத்தை வெளியிட்டார். இங்கு முகமூடி ஒன்றுமில்லை. எனினும் படக்கதையின் அமைப்பு முழுமையாக உள்ளது.

பெயர் தெரிந்ததும் நிகழ்ந்த மாற்றம் கருதத்தக்கது. மூட்டையின் எடை மாறவில்லை. ஆயினும் அதனைச் சுமந்த மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைந்தனர். உயர்ந்த பெயர் ஒன்று வெளிப்படும்போது அருகிலுள்ள எளிய பெயர்கள் ஒளி இழக்கின்றன. நற்செயலில் பெயர் மறைத்தல் தன்னடக்கம் மட்டுமன்று. உடனுழைப்போர்க்குச் செய்யும் நீதியும் ஆகும். ஆனால் மறைக்கத்தக்க பெயர் உடையவர்க்கே இவ்வறம் வாய்க்கும். ஒக்கியில் மறைந்தோர்க்குப் பெயரை மறைக்கும் உரிமை எழவேயில்லை. அதை நிறுவும் போராட்டமே எஞ்சியது.

இதன் தொடர்ச்சி 2019 ஆகஸ்டில் அமைந்தது. காசுமீரில் மக்களின் உரிமைகள் முடக்கப்பட்டதைக் காரணங்காட்டிக் கண்ணன் கோபிநாதன் பதவி விலகல் கடிதம் அளித்தார்; கருத்தை வெளிப்படையாகத் தம் பெயரிலேயே கூறினார். அவருடைய அரசியல் நிலைப்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. இவ்வாய்வுக்கு வேண்டுவது வேறு: தொண்டில் பெயரை மறைத்தவர், மறுப்புக் கூறுமிடத்துப் பெயரை மறைக்கவில்லை. பாராட்டு வரும் இடத்தில் மறைவு, விலை கொடுக்க வேண்டிய இடத்தில் வெளிப்பாடு என்னும் இம்முறை கண்ணகியின் முறையோடு ஒத்தது.

பிறர் கழற்றும் முகமூடி

அவ்வாறாயின் குற்றஞ்சாட்டுவோர் அனைவரும் ஊரறியப் பெயர் கூறக் கடமைப்பட்டவரா? சத்தியேந்திர துபேயின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் பொறியாளரான அவர், அதில் நடந்த ஊழல் குறித்து 2002இல் தலைமையமைச்சர்க்கு எழுதினார். தம் பெயரை அவரிடம் தெரிவித்து, அதனை மறைவாக வைக்குமாறு வேண்டினார். ஆயினும் அப்பெயர் அலுவலகம் விட்டு அலுவலகம் சென்று வெளிப்பட்டது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே, 2004இல், தகவல் தருவோரின் அடையாளத்தைக் காப்பதற்கான அரசுத் தீர்மானம் பிறந்தது.

துபே தம் பெயரை முற்றும் மறைக்கவில்லை. கேட்டறிந்து நடவடிக்கை எடுக்கும் பொறுப்புடையவரிடம் கூறினார். பெயரைப் பொறுப்புடையவர்க்கு அறிவித்தல் வேறு, ஊர்க்கு அறிவித்தல் வேறு. முன்னது அறத்திற்குப் போதும். பின்னதை வேண்டும் உரிமை பிறர் எவர்க்கும் இல்லை. முகமூடியைப் பிறர் கழற்றும்போது அதன் விலையைக் கழற்றியவர் கொடுப்பதில்லை.

ஒரு தடையும் விடையும்

மறைந்திருப்பவர்க்கு ஆற்றல் மிகுந்தால் அவரைக் கேள்வி கேட்பவர் யார் என்னும் தடை எழுவது இயல்பு. பிளேட்டோவின் குடியரசு நூலில் வரும் மாய மோதிரக் கதை இதையே கேட்கிறது: எவர் கண்ணிலும் படாதவன் நேர்மையாக வாழ்வானா? இத்தடை வலியது. முகமூடி அணிந்தோர் கூட்டமாக வந்து எளியோரைத் தாக்கிய நிகழ்வுகள் உலக வரலாற்றில் உண்டு. ஆதலின் மறைந்து நன்மை தருவோர்க்கும் மறைந்து தண்டிப்போர்க்கும் ஒரே விதி பொருந்தாது. மூட்டை சுமப்பவர் பெயர் கூறாதிருக்கலாம். பிறர்மேல் கை வைப்பவர் கூறாதிருத்தல் ஆகாது. வீமன் இருளில் செய்த கொலை கதையில் நிறைவளிக்கலாம். நாட்டின் நீதி முறையாக அமையாது.

கைம்மாறு கருதாத உதவியை மழையோடு ஒப்பிட்ட வள்ளுவர், புகழ் வாழ்வின் ஊதியம் என்றும் கூறினார். இவை முரண் அல்ல. புகழ் செயலைத் தொடர்ந்து வரலாம். செயல் புகழைத் தொடர்ந்து செல்லலாகாது.

முடிவுரை

முகமூடி நாயகர் தம்மை வெளிப்படுத்த வேண்டுமா என்னும் வினாவிற்கு ஆம், இல்லை என்னும் ஒற்றை விடை பொருந்தவில்லை. வெளிப்பாட்டால் கிடைப்பது பாராட்டு மட்டுமே எனில் மறைதல் சிறந்தது. மறைவின் சுமையை வேறொருவர் தாங்க நேர்ந்தால் வெளிப்படுதல் கடமை. பிறரைக் குற்றஞ்சாட்டும்போதும் தண்டிக்கும்போதும் பெயர் பொறுப்புடையவர்க்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும். எந்நிலையிலும் பிறருடைய முகமூடியைக் கழற்றி அவரை இடரில் தள்ளுதல் அறமன்று.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட கடமை ஒன்றைத் தோப்பும்படிக் கரை நினைவூட்டுகிறது. பெயரை மறைக்க விரும்புவோரின் உரிமையைப் பற்றி வாதிடும் உலகம், பெயரே பதியப்படாமல் கடலுக்குச் செல்வோரை முதலில் எண்ணுதல் வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவரின் பெயரும் கரையில் எழுதப்பட்டிருக்குமாயின், மீளாதவர்க்காக அவர் வீட்டார் பட்டியல் ஏந்தி அலைய வேண்டியிராது.